ஐந்தாவது ஆளை உருவாக்குவது யார்?

காட்பாடி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களைப் பார்த்த மாத்திரத்தில் வகை பிரித்துவிடலாம். கையில் எக்ஸ்ரே உறையும் முகத்தில் கவலையுமாக இறங்கும் வங்காளத்துக் குடும்பம் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. கனத்த பெட்டிகளைப் பெற்றோர் தூக்க, தாங்கள் கைவீசி நடக்கிற பிள்ளைகள் இன்ஜினீயரிங் படிக்க வந்தவர்கள். ஆம்பூருக்கோ ராணிப்பேட்டைக்கோ வாடகைக் கார் பேசுகிறவர்கள் தோல் வியாபாரிகள். நான்காவதாக ஒரு சிறு கூட்டமும் எப்போதாவது இறங்குவதுண்டு. பூட்ஸ்களைக் கயிற்றால் பிணைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ ஓர் ஊரில் ஓட்டப் பந்தயத்தை முடித்துவிட்டுத் திரும்பும் கல்லூரி மாணவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தின் பின்னால், டிக்கெட்டுகளையும் சான்றிதழ்களையும் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வருவார். அவர்களை ஓட வைத்தவர் அவர். ஸ்டேஷனில் அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த வட்டாரத்துச் செய்திகளில் இன்று அதிகம் அடிபடுவது காலணிதான். பழைய வட ஆர்க்காடு ஜில்லாவில் ஆவாரம் பட்டையில் தோலைப் பதனிட்டு, பாதி வேலை முடிந்த சரக்காகக் கப்பலேற்றிய காலம் ஒன்று இருந்தது. 1972-ல் சீதாராமய்யா கமிட்டி அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சொன்ன பிறகு, முழுத் தோலும், பின்னர் பூட்ஸுமாகத் தொழில் வளர்ந்தது. இப்போது இன்னொரு திருப்பம். தோலே இல்லாத, துணியும் ரப்பரும் கொண்ட ஓட்டக் காலணி இந்தப் பக்கம் வந்துவிட்டது. செய்யாற்றில் தைவான் நாட்டுக் கம்பெனி ஒன்று நைக்கி காலணிகளைத் தயாரிக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் மற்றொரு தைவான் கம்பெனிக்கு 2024-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயிரக்கணக்கில் பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்பதால் மகிழ்ச்சிக்குரிய விஷயமே.

ஆனால் அந்தக் காலணியை முதன்முதல் யோசித்தவர் முதலாளி அல்ல, விஞ்ஞானியும் அல்ல என்பதைப் பலர் அறியார். அவர் ஒரு கல்லூரியின் ஓட்டப் பயிற்சியாளர். நம் பள்ளிக்கூடங்களில் சொல்வதுபோல் சொன்னால், ஒரு டிரில் மாஸ்டர்.

அரிசிச் சிப்பக் கணக்கு

அவர் பெயர் பில் பவர்மன். அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் உள்ள ஆரிகன் மாநிலத்தில் 1911-ல் பிறந்தவர். இரண்டாவது உலக யுத்தத்தில் மலைப் படையில் இருந்து போரிட்டுத் திரும்பியவர். 1948-ல் தாம் படித்த ஆரிகன் பல்கலைக் கழகத்துக்கே பயிற்சியாளராக வந்து, 1972 வரையில் அங்கேயே இருந்தார். இருபத்துநான்கு ஆண்டுகள், ஒரே மைதானம். அவரிடம் பயின்றவர்களில் 31 பேர் ஒலிம்பிக்குக்குப் போனார்கள். ஒரு மைலை நான்கு நிமிஷத்துக்குள் ஓடியவர்கள் மட்டும் 16 பேர். அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான தடகளப் பட்டத்தை அவர் அணி 1962, 1964, 1965, 1970 ஆகிய நான்கு ஆண்டுகளில் பெற்றது. கடைசி இரண்டு தடவையும் வேறு கல்லூரிகளோடு பங்கிட்டுக்கொண்டது.

பவர்மனுக்குக் "கோச்" என்று அழைப்பது பிடிக்காது. தாம் ஓர் உபாத்தியாயர் என்பார். ஓடுகிறவன் காலில் இருக்கிற சுமை அவர் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. அவர் போட்ட கணக்கு பிரசித்தமானது. நல்ல ஓட்டக்காரனின் ஓர் எட்டு ஆறு அடி. ஒரு மைலுக்கு 5,280 அடி. ஆக, 880 எட்டு. காலணியில் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் குறைத்தால், மைல் முடிவதற்குள் அவன் தூக்காமல் விட்ட பாரம் 25 கிலோ. நம் ஊர்க் கணக்கில் ஒரு சிப்பம் அரிசி! பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ஒருவனுடைய தோளிலிருந்து அரிசிச் சிப்பத்தை இறக்கி வைப்பதென்றால் சும்மாவா?

இலேசான பூட்ஸ் செய்து கொடுங்கள் என்று கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார். அவர்கள் காது கொடுக்கவில்லை. ஆகவே செருப்புத் தைப்பவரிடம் தொழில் கற்றுக்கொண்டு, தம் வீட்டிலேயே வெட்டவும் ஒட்டவும் தைக்கவும் ஆரம்பித்தார். செய்ததை மாணவர்கள் காலில் மாட்டி ஓடவிட்டுப் பார்ப்பார். அந்த மாணவர்களில் ஒருவரான ஃபில் நைட் பின்னாளில் ஜப்பானிலிருந்து காலணி இறக்குமதி செய்ய எண்ணியபோது, 1964-ல் குருவும் சிஷ்யனும் ஆளுக்கு 500 டாலர் போட்டுக் கூட்டு வியாபாரம் தொடங்கினார்கள். அதுதான் பிற்காலத்து நைக்கி. ஒரு நாள் காலை மனைவி பலகாரம் சுடுகிற கட்டம் போட்ட இரும்பு அச்சைப் பார்த்தார் பவர்மன். அதிலே ரப்பர் போன்ற குழம்பை ஊற்றினார். அச்சு பாழாயிற்று. ஆனால் மண்ணைக் கவ்விப் பிடிக்கும் புதுவிதமான அடிப்பாகம் பிறந்துவிட்டது. அச்சு முறுக்குச் சுடுகிற அச்சை யாராவது அவ்வாறு செய்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் கதைக்கு ஒரு துக்கமான பின்பகுதியும் உண்டு. காற்றோட்டமில்லாத அறையில் பசையின் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்ததால் பவர்மனின் கால் நரம்புகள் கெட்டன. உலகத்தையே ஓட வைத்தவர், தாம் கண்டுபிடித்த காலணியைப் போட்டுக்கொண்டு ஓட முடியாதவரானார். 1999 டிசம்பரில் தமது 88-ஆம் வயதில் காலமானார். வேலூர் – ஆம்பூர் பாதையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டானரிக் கழிவினால் பாலாறு பட்ட பாட்டுக்காக 1996-லும் 2025-லும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்த பிரதேசம் இது.

கூட்டல் கணக்கு

பவர்மனின் பெருமை காலணியில்தான் இருக்கிறது என்று நினைப்பது சரியன்று. அவரது உண்மையான வித்தை வேறு. ஒரு நாள் கடுமையாக ஓடு, மறுநாள் இலேசாக ஓடு என்பது அவர் வகுத்த முறை. அந்தக் காலத்தில் பலரும் தினந்தோறும் மாணவனைச் சக்கையாகப் பிழிவதே பயிற்சி என்று எண்ணியிருந்தார்கள். உடம்பு பலம் பெறுவது ஓடும்போதல்ல, ஓய்ந்திருக்கும்போது என்றார் பவர்மன். இதற்கு ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியாக அறிந்திருக்க வேண்டும். இவனுக்கு இரண்டு நாள் ஓய்வு தேவை, அவனுக்கு ஒரு நாள் போதும், இன்னொருவன் நேற்று இரவு கண் விழித்துப் படித்திருக்கிறான் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் உடனிருப்பவருக்கே இது சாத்தியம்.

கிராஸ் கண்ட்ரி என்னும் நெடு ஓட்டத்தில் இது நன்றாக விளங்கும். மைதானத்தை விட்டு, மேடு பள்ளம், புல்வெளி, சேறு என்று போகிற ஓட்டம் அது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். அவர்களில் முதல் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்களோ அந்த எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத் தொகை எந்த அணிக்குக் குறைவோ அதற்கே வெற்றி. ஐவரும் முதல் ஐந்து இடங்களில் வந்தால் 15. அதற்குக் கீழே யாராலும் போக முடியாது. உலகப் போட்டியில் ஆறு பேர் ஓடி நால்வரைக் கணக்கிடுகிறார்கள்.

இதன் விளைவு விசித்திரமானது. ஓர் அணியில் உலகத்தையே வெல்லக்கூடிய சூரன் ஒருவன் இருக்கலாம். அவன் முதலாவதாக வந்து அணிக்குச் சேர்ப்பது 1. ஆனால் அதே அணியின் ஐந்தாவது ஆள் நாற்பதாவதாக வந்தால், சேர்வது 40. சூரனின் வெற்றி அந்த நாற்பதில் அடிபட்டுப் போகும். முதலாவதாக வருகிறவன் சில வேளைகளில் பிறப்பிலேயே வேகத்தோடு வந்தவன். ஐந்தாவதாக வருகிறவனை ஒருவர் உட்கார்ந்து உருவாக்கத்தான் வேண்டும். ஆகவே இந்த ஓட்டம் மாணவனைவிட அவனுடைய ஆசிரியரையே பரீட்சிக்கிறது.

ஆரிகன் பல்கலைக் கழகம் 1971, 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் இந்தப் பட்டத்தை வென்றது. அந்த வெற்றிகளுக்குப் பின்னால் பவர்மனும், அவருக்கு உதவியாக இருந்து பின்னர் அவர் இடத்துக்கே வந்த பில் டெலிஞ்சரும் இருந்தார்கள். டெலிஞ்சர் பவர்மனின் மாணவர்; 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் வெண்கலம் பெற்றவர். 1998 வரை பதவியில் இருந்தார். பவர்மனுக்கு முன்பு இருந்தவர் பில் ஹேவர்டு. 1904 முதல் 1947 வரை! இடையில் ஓராண்டு நீங்கலாக, தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் மூன்றே பயிற்சியாளர்கள். அந்த மைதானத்துக்கு ஹேவர்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2022-ல் நம் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியது அந்த ஹேவர்டு மைதானத்தில்தான். நம் நாட்டில் மைதானங்களுக்குத் தலைவர்களின் பெயரை வைக்கிறார்கள். வைக்கட்டும். ஒரு டிரில் மாஸ்டருக்கும் ஒன்று மிச்சமிருக்கலாம்.

சென்னைக்கு வந்த பக்

"அது அமெரிக்கா, பணமுள்ள தேசம், நமக்கு ஆகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அதே அமெரிக்காவிலிருந்து ஒருவர் இந்த வித்தையை நம் வாசலுக்கே கொண்டு வந்து நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஹாரி குரோ பக் என்பவர் சென்னை ஒய்.எம்.சி.ஏ.யின் உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கினார். பிறகு நந்தனத்தில் வேரூன்றிய அந்தக் கல்லூரியிலிருந்து புறப்பட்ட ஆசிரியர்கள் தென்னாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பரவினார்கள். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியத் தடகள அணிக்கு மானேஜராகவும் பயிற்சியாளராகவும் சென்றவர் பக்தான். அந்த அணியில் தடை தாண்டி ஓடிய சி.கே. லட்சுமணன் அன்றைய சென்னை மாகாணத்துக்காரர். 1943-ல் பக் காலமானார்.

அந்தப் பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராஸ் கண்ட்ரியும் இருந்தது. ஜூலை மாதக் கொடும் வெயிலில் 38 பேர் புறப்பட்டார்கள். 15 பேர்தான் ஓடி முடித்தார்கள். பின்லாந்துக்காரரான பாவோ நூர்மி, ஒன்றும் நடவாதவர்போல் முதலாவதாக வந்து சேர்ந்தார். மற்றவர்கள் வழியெங்கும் மயங்கி விழுந்தார்கள். அத்தோடு அந்த ஓட்டத்தை ஒலிம்பிக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வேலூரை வெயிலூர் என்று கேலி பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெடு ஓட்டத்தில் எந்த மாதம், எந்த நேரம் ஓட வைப்பது என்பதைத் தீர்மானிப்பதே பாதிப் பயிற்சி. அதைத் தீர்மானிக்க உள்ளூரின் வெயிலையும் பனியையும் அறிந்த ஆள் வேண்டும்.

மதுரையும் புதுக்கோட்டையும்

பவர்மன் போன்றவர்கள் நம்மிடம் இல்லை என்பதும் தவறு. மதுரையைப் பாருங்கள். சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாளின் நிழலில் வளர்ந்தவர். பள்ளிப் பந்தயத்தில் வெறுங்காலோடு ஓடிய அந்தப் பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். பாட்டிக்கோ பயம். பெண்ணைத் தினந்தோறும் மைதானத்துக்கு அனுப்பப் பஸ் காசும் இல்லை. கண்ணன் விடவில்லை. பாட்டியின் மனத்தைக் கரைத்தார். லேடி டோக் கல்லூரியில் படிப்புக்கும் விடுதிக்கும் ஏற்பாடு செய்தார். பூட்ஸும் வாங்கித் தந்தார். 2016-ல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் ரேவதிக்குத் தங்கம். 2019-ல் பாட்டியாலாவிலுள்ள தேசிய முகாமுக்குப் போனார். அங்கே வெளிநாட்டுப் பயிற்சியாளரான கலினா புகாரினாவின் யோசனைப்படி 400 மீட்டருக்கு மாறினார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

புதுக்கோட்டை கவிநாட்டின் கதையும் இதே ஜாதிதான். அங்கே லோகநாதன் என்ற பயிற்சியாளரிடம் தொடங்கியவர்கள் ஜி. லட்சுமணனும் எல். சூர்யாவும். சூர்யா 2016 தெற்காசியப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் பெற்றார். லட்சுமணன் மறு ஆண்டில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் பெற்றார். 2018-ல் ஜகார்த்தாவில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், உள் கோட்டுக்கு அப்பால் கால் வைத்துவிட்டார் என்று வெண்கலத்தைப் பறித்துக்கொண்டார்கள். அந்த ராத்திரி அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

இந்தக் கதைகளில் ஓர் ஒற்றுமை உண்டு. மாணவர் பெயர் பெறத் தொடங்கியதும் ராணுவமோ, ரயில்வேயோ, தேசிய முகாமோ அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. அது அவர்களுக்கு நல்லதே, வயிற்றுப்பாடு தீர்கிறது. ஊரில் இருக்கும் ஆசிரியர் மறுபடியும் வெறுங்காலோடு வரும் ஒரு பிள்ளையிலிருந்து தொடங்குகிறார். வென்றவர்களுக்குப் பரிசு கொடுப்பதில் தமிழ்நாடு இன்று கஞ்சத்தனம் காட்டுவதில்லை. முதலமைச்சர் கோப்பை கல்லூரி மாணவர்களுக்கும் நடக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளைத் தமிழ்நாடே நடத்திற்று. விளையாட்டு வீரருக்கு அரசு வேலையில் இட ஒதுக்கீடு உண்டு. எல்லாம் முதலாவதாக வருகிறவருக்கு. ஐந்தாவது ஆளையும், அவரை அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டிய ஆசிரியரையும் கவனிக்கும் திட்டம் எது?

பாலாற்றின் வடகரையில்

காட்பாடியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. பெண்களுக்கான ஆக்ஸீலியம் கல்லூரி 1954-லிருந்து இருக்கிறது. 1984-ல் தொடங்கிய வேலூர் இன்ஜினீயரிங் கல்லூரி இன்று வி.ஐ.டி. பல்கலைக் கழகமாகி, நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகளை இழுக்கிறது. ஆற்றைத் தாண்டினால் 1898-ல் தோன்றிய ஊரீசு கல்லூரி. இந்த வட்டாரத்துக் கலைக் கல்லூரிகளுக்குத் தலைமையான திருவள்ளுவர் பல்கலைக் கழகமே காட்பாடியை அடுத்த சேர்க்காட்டில்தான் இருக்கிறது. ஓடக்கூடிய வயதிலே இத்தனை ஆயிரம் பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடியிருப்பது சாதாரண விஷயமா?

ஆனால் பல கல்லூரிகளில் உடற்கல்விக்கு ஒருவரே இருக்கிறார். கபடிக்கும் அவர்தான், கைப்பந்துக்கும் அவர்தான், கிரிக்கெட் மட்டைகளின் கணக்குக்கும் அவர்தான். விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும், கல்லூரி நாளன்று கூட்டத்தை அடக்குவதும் அவர் தலையில்தான் விழும். கல்லூரிகளுக்கிடையேயான போட்டி அறிவிப்பு வந்ததும், "யாரடா நன்றாக ஓடுவீர்கள்?" என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டு, ஆறு பேரைப் பொறுக்கி, இரண்டு வாரம் ஓடவிட்டு அழைத்துப் போவார். இரண்டு வாரத்தில் முதலாவது ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஐந்தாவது ஆளை உருவாக்க இரண்டு வருஷமாவது பிடிக்கும். இது அவர் குற்றமன்று.

ஒரு வித்தை ஓர் ஊரில் தங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. ஆற்றைக் கடந்து சத்துவாச்சாரிக்குப் போனால் போதும். 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டிகளில் பளு தூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் அந்த ஊர்ப் பிள்ளை. அவர் தந்தையும் பளு தூக்கியவர். தகப்பன் தூக்கியதை மகன் பார்த்தான். அண்ணன் தூக்கியதைத் தம்பி பார்த்தான். ஓட்டத்துக்கு அத்தகைய பரம்பரை இங்கே இன்னும் வேர் பிடித்ததாகச் சொல்வதற்கில்லை.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். நெடு ஓட்டத்துக்குச் செயற்கைத் தளம் வேண்டாம். நீச்சல் குளம் வேண்டாம். பாலாற்றில் தண்ணீர் இல்லாத நாட்களில் மணல் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் குன்றுகளும் ஏற்ற இறக்கமான பாதைகளும் இருக்கின்றன. ஆறு ஜோடி பூட்ஸ், ஒரு ஸ்டாப் வாட்ச், விடுதியில் ஓடுகிற பிள்ளைகளுக்கு ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும். இதற்குமேல் வேண்டியது, ஓட்டத்துக்கென்றே ஒருவர்; குறைந்தது நான்கு வருஷத்துக்கு மாற்றாமல் ஒருவர். ஒரு கல்லூரியால் முடியாவிட்டால் நாலைந்து கல்லூரிகள் சேர்ந்து அவரை வைத்துக்கொள்ளலாம். உலகத்துக்கெல்லாம் காலணி தைத்து அனுப்பும் கம்பெனிகள் அந்த ஆறு ஜோடிக்குக் கணக்குப் பார்க்கமாட்டா என்றே நம்பலாம்.

பெண்கள் அணிக்கும் இது பொருந்தும். இன்னும் அதிகமாகவே பொருந்தும். உலகக் கிராஸ் கண்ட்ரிப் போட்டியில் 2017 முதல் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே 10 கிலோமீட்டர் என்று ஆக்கிவிட்டார்கள். பொழுது விடியுமுன் பத்துக் கிலோமீட்டர் ஓடப் பெண்ணை அனுப்ப எந்த வீட்டிலும் யோசிப்பார்கள். மதுரைப் பாட்டியும் யோசித்தார். அவரைச் சம்மதிக்க வைத்தது அரசாங்க உத்தரவன்று. வீட்டுக்கு வந்து பேசிய ஒரு மனிதரின் முகம்.

வேலூர்ப் பக்கத்தில் மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கும் டிசம்பரிலிருந்து பிப்ரவரி முடிய விடியற்காலை நன்றாகக் குளிர்ந்திருக்கும். ஐந்து மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பத்துக் கிலோமீட்டரை முடித்துக்கொண்டு, ஏழு மணிக்கு விடுதி இட்லிக்கு வந்துவிடலாம். முதல் வருஷ மாணவர்களுக்கு அப்படிப்பட்ட பனிக்காலம் பட்டம் வாங்குவதற்குள் மூன்றுதான் கிடைக்கும்.